குட்டையில் கிடந்தது அயிரையா?

கேள்வி: திருவையாறு பக்கம், குடமுருட்டிக் கிளை வாய்க்கால். தண்ணீர் நின்றதும் மதகடிக் குட்டையில் விரல் நீள மீன்கள் ஏழெட்டு, மணலில் புதைந்து தலை மட்டும் நீட்டிக் கிடந்தன. மங்கிய மஞ்சள் உடம்பு, பக்கவாட்டில் கரும்புள்ளி வரிசை, வாயோரம் மீசை. எடுத்தபோது கண்ணுக்குக் கீழிருந்து ஏதோ சுருக்கென்று குத்தியது. அயிரைதானா?

பதில் 1: அயிரையேதான். கண்ணடி முள்ளை வைத்தே சொல்லிவிடலாம். அறிவியல் பெயர் லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ், இந்த இனத்துக்கு முதலில் பெயரிட்டது 1846இல். மார்புத் துடுப்பையும் பாருங்கள். ஆணுக்குக் கதிர்கள் ஒட்டித் தடித்திருக்கும்.

பதில் 2: அம்மா அயிரையை உயிரோடு தேங்காய்ப்பாலில் விடுவார், மண்ணைக் கக்கட்டும் என்று. அப்புறம்தான் குழம்பு. எங்கள் வாய்க்காலில் இப்போது தரைக்கும் சிமெண்டு போட்டுவிட்டார்கள். புதைய மணல் இல்லை, அயிரையும் இல்லை. மதகடிக் குட்டையைத் தயவுசெய்து கொசுவலை போட்டு அரிக்க விடாதீர்கள்.

கேட்டவர்: நன்றி. குட்டை வற்றுகிறது, அதனால் வாளியில் அள்ளி ஆற்று மடுவில் விட்டேன். இறங்கிய நொடியே மணலுக்குள் போய்விட்டன.