புதிய அரசுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்: கொங்குப் பக்கம் அருகிருந்து பார்த்தவர்கள் சொல்வது

கேள்வி – திருப்பூர்

அரசே நடத்தும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்று புதிதாக வந்தால், முதல் ஐந்து வருடத்தில் எது அதை நிமிர்த்தும், எது படுக்க வைக்கும்? பக்கத்தில் இருந்து பார்த்தவங்க விவரமாச் சொல்லுங்க. பொதுவாகப் பேச வேண்டாம்.

கோவை, வடவள்ளி – தேர்வுப் பணி

நம்ம ஊரிலேயே பாடம் இருக்குங்க. 2007இல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்துக் கோவைக்கும் திருச்சிக்கும் திருநெல்வேலிக்கும் தனித்தனிப் பல்கலைக்கழகம் வந்தது. 2010இல் மதுரையும் சேர்ந்தது, பெயரிலும் ‘தொழில்நுட்பம்’ ஏறியது. 2011இல் திரும்ப இணைக்கச் சட்டம் வந்து, 2012இல் எல்லாம் ஒன்றாயிற்று. ஆக, தனியாக நின்றது ஐந்து வருடம்.

அந்த மாதிரிப் பல்கலைக்கழகத்துக்குப் பிறந்த அன்றே தலையில் ஏறுவது இணைவுக் கல்லூரிகளின் (அதன்கீழ் வரும் மற்றக் கல்லூரிகளின்) தேர்வு. சொந்தத் துறைக்குச் சுவர் எழும்புவதற்கு முன்பே நவம்பர் தேர்வு வாசலில் நிற்கும். இருக்கிற ஆளெல்லாம் தேர்வுப் பிரிவுக்குப் போய்விடுவார்கள். வளர்ச்சி நிற்பது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து.

கணக்கைப் பாருங்க. ஒரு பாடத்துக்கு 10,000 விடைத்தாள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் காலை 25, மதியம் 25 திருத்தினால் நாளைக்கு 50. அந்த ஒரு பாடத்துக்கே 200 ஆள்-நாள். 40 பேர் வந்தால் ஐந்து நாளில் முடியும். கல்லூரிகள் 20 பேரைத்தான் விடுவித்தால் பத்து நாள். இப்படி நூற்றுக்கணக்கான பாடம். முடிவு தள்ளிப் போனால் மறுமதிப்பீடு தள்ளிப் போகும், அதோடு அடுத்த செமஸ்டர் அரியர் விண்ணப்பமும் தள்ளிப் போகும்.

தப்பு நடக்கும் இடம் பெரும்பாலும் திருத்தும் மேசை இல்லை, டம்மி நம்பர் (எழுதியவர் யார் என்று திருத்துகிறவருக்குத் தெரியாமலிருக்கப் போடும் எண்) போடும் மேசை. தாளின் முதல் பக்கத்தில் பதிவு எண் இருக்கும் பகுதியைக் கிழித்து எடுத்து, அந்தத் துண்டிலும் தாளிலும் ஒரே டம்மி நம்பர் போடுவார்கள். நடுவில் ஒரு தாள் ஒட்டிக்கொண்டு தாண்டிப் போனால், அதற்கு அடுத்து வரும் பண்டல் முழுக்க ஒரு எண் நகர்ந்துவிடும். எழுதியவனுக்கு ‘ஆப்சென்ட்’ விழும், ஒருவன் வாங்கிய 62 இன்னொருவனுக்கு விழும். தடுக்க வழி ஒன்றுதான். தேர்வு மையத்தை விட்டுப் பண்டல் கிளம்பும் முன்பே, தாள் எண்ணிக்கையும் ஆப்சென்டீஸ் ஸ்டேட்மென்ட்டில் (வராதவர் பட்டியலில்) உள்ளவர்களும் கூட்டினால் நாமினல் ரோல் (எழுத வேண்டியவர் பட்டியல்) எண்ணிக்கை வருகிறதா என்று பார்க்க வேண்டும். எண் போட்ட பிறகு ஒவ்வொரு பண்டலின் முதல் தாளையும் கடைசித் தாளையும் துண்டோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். பண்டலுக்கு இரண்டு நிமிடம் ஆகும். அதை மிச்சம் பிடித்த மையங்கள் பின்னால் வாரக்கணக்கில் தேடியிருக்கின்றன.

சித்தோடு – கல்லூரித் தேர்வு ஒருங்கிணைப்பு

வடவள்ளி அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேங்க. கல்லூரிப் பக்கம் அக மதிப்பெண் (கல்லூரியே போடற மதிப்பெண்) ஏத்துறதுல வர்ற கோளாறும் முடிவைப் பிடிச்சு நிறுத்தும். அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 விதிமுறையில எழுத்துப் பாடத்துக்கு அகம் 40, புறம் (பல்கலைக்கழகத் தேர்வு) 60. செய்முறைக்கு அப்படியே திருப்பி, அகம் 60, புறம் 40. அதுக்கு முந்தின விதிமுறையில எழுத்துப் பாடத்துக்கு அகம் 20தான். அரியர் பையனுக்கு 20க்குப் போடவேண்டியதை 40க்குப் போட்டு ஏத்திட்டா கணினி தடுக்குதான்னு முதல்லயே சோதிச்சுப் பார்க்கோணும். தடுக்காத மென்பொருளை எடுத்துக்கிட்டா ஒவ்வொரு தடவையும் கையில திருத்த வேண்டியதுதான்.

புதுப் பல்கலைக்கழகம் வந்ததுமே பாடத்திட்டத்தை மாத்தணும்னு ஆசை வரும். மாத்தட்டும், நல்லதுதான். ஆனா பழைய பாடம் ஒவ்வொண்ணுக்கும் எந்தப் புதுப் பாடம் ஈடுன்னு பட்டியல் போட்டு, அதே நாள்ல வெளியிட்டுறோணும். இல்லைன்னா மூணே பேர் எழுதற அரியர் தாளுக்கும் தனியா வினாத்தாள் எடுக்கோணும். பேரு ஒண்ணா இருந்து பாடக் குறியீடு வேறயா இருக்கற தாளுகதான் மையத்துல மாறிப் போகும். கவர்மேல பேரைச் சின்னதாவும் குறியீட்டைப் பெருசாவும் அடிச்சா பாதிச் சிக்கல் தீர்ந்துபோகும்.

சேலம் – நிர்வாகம்

பணியிடங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இளநிலையில் 60 பேர் சேரும் ஒரு துறை நான்காம் வருடம் 240 பேர் ஆகும். ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) கணக்கு 20 பேருக்கு ஓர் ஆசிரியர், அதாவது 12 பேர். பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் விகிதம் 1:2:6. அந்த 12 பேரில் உதவிப் பேராசிரியர் 8, மேலே 4 என்று வரும். நடைமுறையில் அரசாணை உதவிப் பேராசிரியர் இடத்துக்கு மட்டும் முதலில் வரும், மற்றதெல்லாம் தொகுப்பூதியத்தில் ஓடும். தொகுப்பூதியத்தில் இருப்பவர் நன்றாகப் பாடம் நடத்தலாம், ஆனால் மத்திய அரசின் ஆராய்ச்சித் திட்டத்துக்கு முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிக்கப் பெரும்பாலும் நிரந்தரப் பணி கேட்பார்கள். ஆய்வு மாணவர் வராமல், திட்டப் பணம் வராமல் துறை வெறும் வகுப்பறையாக நின்றுபோகும்.

யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 12(பி) பிரிவில் இடம்பெறுவதையும் முதல் வருடமே தொடங்க வேண்டும். அது இல்லாமல் யு.ஜி.சி.யின் வளர்ச்சி நிதி கிடைக்காது. நாக் (உயர்கல்வி நிறுவனங்களின் தரம் பார்க்கும் தேசிய அமைப்பு) தர மதிப்பீட்டுக்கு இரண்டு அணி மாணவர்கள் பட்டம் பெற்றிருக்க வேண்டும், அல்லது ஆறு வருடம் ஆகியிருக்க வேண்டும், எது முதலில் வருகிறதோ அது. ஆறாம் வருடம் உட்கார்ந்து கோப்புத் தேடினால் எதுவும் கிடைக்காது. வருகைப் பதிவு, கூட்டக் குறிப்பு, வேலைவாய்ப்புக் கடிதம் எல்லாம் முதல் நாளிலிருந்தே வருடவாரியாகக் கட்டி வைக்க வேண்டும்.

கணபதி – பம்ப் தொழில்

ஆய்வகத்துக்கு வரேனுங்க. டெண்டர் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்: 2 கோடிக்குள்ளன்னா குறைஞ்சது 15 நாள், அதுக்கு மேலன்னா 30 நாள் அவகாசம் தரோணும். தொழில்நுட்பக் கவர் ஒண்ணு, விலைக் கவர் ஒண்ணு. கெட்டுப்போறது எங்கன்னா, ஒரே கம்பெனி கேட்டலாக்கைப் பார்த்து அப்படியே விவரக்குறிப்பு எழுதறதுல. ஒருத்தர்தான் வருவாரு, மறு டெண்டர் போடுவாங்க, அதுக்குள்ள மார்ச் 31 வந்துரும், பணம் திரும்பிப் போயிரும். இன்னொண்ணு, சி.என்.சி. லேத் (கணினி ஓட்டற கடைசல் மெஷின்) வாங்குவாங்க, கம்ப்ரசர், ஸ்டெபிலைசர், டூல் ஹோல்டர், இன்சர்ட் (வெட்டு முனை) எதுவும் டெண்டர்ல இருக்காது. மெஷின் பாலித்தீன் உறையோடயே நிக்கும். அதெல்லாம் மெஷினோட ஒரே பட்டியல்ல வரோணும், மூணு வருசப் பராமரிப்பும் சேர்த்து.

எல்லாத்தையும் வாங்கோணும்னு அவசியமும் இல்லீங்க. ஜவுளி ஆராய்ச்சிக்குச் சிட்ரா 1956லயே வந்தாச்சு. பம்ப் சோதனைக்குக் கோவையில சிடார்க் இருக்குது. புதுப் பல்கலைக்கழகம் அவங்களோட ஒப்பந்தம் போட்டு, பசங்களை அங்க நிக்க வைக்கலாம். அங்க ஐ.எஸ். 8034 (நீர்மூழ்கி பம்ப்புக்கான இந்தியத் தரநிலை) படி ஒரு நீர்மூழ்கி பம்ப்பைச் சோதிக்கறதைப் பார்த்தாப் போதும், புத்தகத்துல ஒரு பருவம் படிக்கறது ஒரு மதியத்துல புரிஞ்சுரும்.

பசங்க தப்புப் பண்ற இடத்தைச் சொல்றேன். அழுத்தமானி 2.85 கி.கி./ச.செ.மீ. காட்டுதுன்னா பம்ப் தண்ணியை ஏத்துற உயரம் 28.5 மீட்டர்னு எழுதிட்டுப் போயிருவாங்க. மானியோட மையம் தண்ணி மட்டத்துக்கு மேல 1.2 மீட்டர் உசரத்துல இருக்குதுன்னா அதைக் கூட்டோணும். 50 மி.மீ. குழாய்ல விநாடிக்கு 5 லிட்டர் போகுதுன்னா வேகத்துக்கு உண்டான உயரம் சுமார் 0.3 மீட்டர், அதையும் கூட்டோணும். அப்பத்தான் 30 மீட்டர். உள்ள போற மின்சாரம் 3,000 வாட்னா திறன் (அதுல தண்ணிக்குப் போய்ச் சேர்ற பங்கு) 49 சதவீதம். கூட்டாம விட்டா 46.6. அந்த ரெண்டரைப் புள்ளியிலதான் ஒரு பம்ப் தேறுறதும் திரும்பி வர்றதும் இருக்குது. இதை அறிஞ்சு வெளிய வர்ற பையனை இங்க எந்தப் பட்டறையும் கூப்பிட்டு வேலை குடுக்கும்.

பெருந்துறை – மின்பணி

கணபதி அண்ணன் சொன்ன மெஷினெல்லாம் வரும் முன்னாடி எர்த்திங் (கசியற மின்சாரத்தை மண்ணுக்குள்ள இறக்கற ஏற்பாடு) பாருங்க. நம்ம பக்கம் நிறைய இடத்துல மேல சரளை, கீழ பாறை. மின்தடையை மழைக்காலத்துல அளந்தா நல்லா இருக்கும், ஏப்ரல்ல அளந்தா ஏறிப்போயிருக்கும். அதனால கட்டடத்தை ஏற்கறப்போ கோடைக்கால அளவையும் கேளுங்க. ரெண்டு குழிக்கு நடுவுல குழாய் நீளத்துல ரெண்டு பங்காவது இடைவெளி வேணும்: 2.5 மீட்டர் குழாய்னா 5 மீட்டர். இடம் இல்லைன்னு பக்கத்துப் பக்கத்துல நாலு குழி தோண்டறது காசுக்குக் கேடு. ஒண்ணோட பரப்பு இன்னொண்ணு மேல விழுந்து, நாலு குழியும் சேர்ந்து நாலு குழி வேலையைச் செய்யாது.

கோவை, வடவள்ளி – தேர்வுப் பணி

பழைய சான்றிதழ்களில் பெயர் மாறியிருப்பது பற்றித் தனிச் செய்தியில் சிலர் கேட்டதால் இதையும் எழுதுகிறேன். 2007க்கும் 2012க்கும் நடுவில் படித்தவர்களிடம் மதிப்பெண் பட்டியல் ஒரு பெயரிலும் பட்டம் இன்னொரு பெயரிலும் இருக்கலாம். அதைத் திருத்தித் தரக் கேட்க வேண்டாம், அந்தந்த நாளில் இருந்த பெயர்தான் சரி. இணைப்புக்குப் பிறகு அந்தப் பொறுப்பெல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்திடம் வந்துவிட்டதால், டிரான்ஸ்கிரிப்ட்டுக்கும் (எல்லா மதிப்பெண்ணும் அடங்கிய அதிகாரப்பூர்வத் தொகுப்பு) உண்மைத்தன்மைச் சான்றுக்கும் கிண்டியில் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். எல்லாச் செமஸ்டர் பட்டியலின் நகலும் இரண்டு பக்கமும் எடுத்து வையுங்கள், பின்பக்கத்தில்தான் தர விளக்கம் இருக்கும். வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் இணைப்புச் சட்டத்தின் அரசிதழ் நகல் ஒன்றும் சேர்த்து அனுப்பினால், பெயர் ஏன் வேறு என்று கேட்டுத் திரும்பி வரும் கடிதம் மிச்சமாகும். உங்கள் விதிமுறை ஆண்டின் பாடத்திட்டத்தை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.