தொகுதி மாறியாச்சு: ஓட்டை இங்கே மாற்ற படிவம் 6ஆ, 8ஆ?

வாடகைவாசி:
வணக்கம். மதுரையிலிருந்து வேளச்சேரிக்குக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஓட்டு இன்னும் மதுரை மேற்குத் தொகுதியில்தான். போன தேர்தலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்கவில்லை, போடாமலே விட்டுவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. அடுத்த சட்டமன்றத் தேர்தலில் இங்கேயே போட்டாக வேண்டும். வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு, பதிவு செய்யாதது. கரண்ட் பில் ஓனர் பெயரில். எந்தப் படிவம், எந்தச் சான்று? தங்கைக்கு மார்ச்சில் 18 ஆகிறது, அவளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பக்கத்துத்தெரு:
படிவம் 6 போட்டு இங்கே புதுசாக வாங்கிவிடுங்கள். ஊர் ஓட்டு அது பாட்டுக்கு இருக்கட்டும்.

முன்னாள்_பிஎல்ஓ:
தயவுசெய்து அப்படிச் செய்யச் சொல்லாதீர்கள் தம்பி. ஒருவருக்கு ஒரே இடத்தில்தான் ஓட்டு. படிவம் 6-இல் ‘வேறெங்கும் என் பெயர் இல்லை’ என்று உறுதிமொழி இருக்கிறது. தெரிந்தே பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. குடிமாறியவர்களுக்குப் படிவம் 8. முகவரி மாற்றம், பிழைத் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை எல்லாமே அதில்தான்.

சான்றுக்குக் கவலை வேண்டாம். ஒப்பந்தம் பதிவாகியிருந்தால்தான் செல்லும். ஆனால் புது முகவரியில் ஆதாரோ, வங்கி பாஸ்புக்கோ, கேஸ் இணைப்பு ரசீதோ இருந்தால் போதும். நான் பிஎல்ஓ-வாக, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலராக, வீடு வீடாகப் போன காலத்தில் வாடகைக்காரர்கள் பெரும்பாலும் பாஸ்புக்கைத்தான் நீட்டுவார்கள்.

அதற்கு முன்னால் ஒன்று: அட்டையிலுள்ள எண்ணை, மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்குமே, தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் போட்டுத் தேடிப் பாருங்கள். கையில் அட்டை இருப்பது வேறு, பட்டியலில் பெயர் இருப்பது வேறு.

வாடகைவாசி:
தேடினேன் ஐயா. ‘விவரம் இல்லை’ என்று வருகிறது. பெயர், அப்பா பெயர், வயது போட்டுத் தேடினாலும் வரவில்லை. ஊரில் வீடு பூட்டிக் கிடந்ததால் எடுத்துவிட்டார்களோ?

முன்னாள்_பிஎல்ஓ:
இருக்கலாம். 1950-க்குப் போன் செய்து அட்டை எண்ணைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். நீக்கியிருந்தால் படிவம் 8 உதவாது, மாற்றுவதற்குப் பெயரே இல்லையே. அப்போது படிவம் 6 போட்டு இந்தத் தொகுதியில் புதிதாகச் சேருங்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பட்டியலில் கை வைப்பது நின்றுவிடும். விசாரணைக்கும் நாள் வேண்டும் என்பதால், அதற்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தமிழ்ச்செல்வி_கல்லூரி:
தங்கைக்கு நான் சொல்கிறேன் அக்கா. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று, 18 முடிந்ததா எனக் கணக்கிட வருஷத்தில் நான்கு தகுதி நாள். மார்ச்சில் 18 என்றால் அவளுக்கு ஏப்ரல் 1. 17 முடிந்தவுடனே முன்கூட்டி படிவம் 6 கொடுக்கலாம், நானும் அப்படித்தான் கொடுத்தேன். ஆனால் ஜனவரி 1-ஐ வைத்துத் தயாரான பட்டியலில் அந்தத் தேர்தல் நடந்தால் அவளால் போட முடியாது, அடுத்ததற்குத்தான்.

வாடகைவாசி:
1950-இல் கேட்டேன், நீக்கியிருக்கிறார்கள். படிவம் 6, வங்கி பாஸ்புக்கோடு நேற்றிரவே அனுப்பிவிட்டேன். பிஎல்ஓ அம்மா இன்று மாலை வந்து, கதவு எண்ணைப் பார்த்து, பக்கத்து வீட்டிலும் விசாரித்துவிட்டுப் போனார். புது அட்டை வருவதற்குள் தேர்தல் வந்துவிட்டால்?

முன்னாள்_பிஎல்ஓ:
பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் ஆதார், பான், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எதைக் காட்டியும் போடலாம். பூத் சிலிப் மட்டும் அடையாளச் சான்று ஆகாது. ஆனால் அதிலிருக்கும் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் தெரிந்தால் உள்ளே நேரம் மிச்சம். பொத்தானை அழுத்தியதும் அவசரமாக வெளியே வராதீர்கள் அம்மா. பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் நீங்கள் போட்ட சின்னம் அச்சான சீட்டு 7 நொடி தெரியும். பார்த்துவிட்டு வாருங்கள்.