ஓரிகாமி ‘இரண்டாயிரம் வருஷ ஜப்பான் கலை’ தானா?

சதுரன்:
போன வாரம் ஒரு பள்ளிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். மேசை நிறைய ஓரிகாமி, அதாவது தாளை மடித்துச் செய்த வண்ணக் கொக்குகள், அழகுதான். பக்கத்தில் ஓர் அட்டை: ‘காகிதம் பிறந்த நாள் முதல் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஜப்பானியர் வளர்த்த கலை’. இந்த வரியை இன்னும் எத்தனை இடத்தில் படிக்க வேண்டுமோ!

தாள் செய்யும் வித்தை ஜப்பானில் பதிவாவதே 610இல்தான். கொரிய நாடான கொகுர்யோவிலிருந்து வந்த ஒரு துறவிக்கு மையும் தாளும் செய்யத் தெரியும் என்று ஜப்பானின் பழைய வரலாற்று நூலான ‘நிஹோன் ஷோகி’ எழுதி வைத்திருக்கிறது. சரி, மடித்து விளையாடியதற்கு என்ன சான்று? ஜப்பானியக் கவிஞர் சைக்காக்கு 1680இல் எழுதிய கவிதையில் மடித்த பட்டாம்பூச்சி வருகிறது. மடிப்பையே பொழுதுபோக்காகச் சொல்லித் தரும் புத்தகம் 1797இல்தான் வருகிறது.

‘ஓரிகாமி’ என்ற சொல்லும் அப்படித்தான். முன்பு அது மடித்த ஆவணத்துக்குப் பெயர். வாளைப் பரிசோதித்து ‘அசல்தான்’ என்று எழுதித் தரும் சான்றிதழையும் ஓரிகாமி என்றுதான் சொன்னார்கள். பொம்மை மடிப்புக்கு அந்தப் பெயர் ஒட்டியது வெகு பிந்தி.

வண்ணச் சதுரம், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் என்பதெல்லாம் ஃப்ரோபெல் என்ற ஜெர்மானியரின் கிண்டர்கார்ட்டன் சரக்கு. 1876இல் டோக்கியோவில் கிண்டர்கார்ட்டன் திறந்தார்கள், அதோடு இதுவும் போய் இறங்கியது. மறுப்பு உள்ளவர்கள் வரலாம்.

கூழ்த்தொட்டி:
வந்துட்டேன். கைத்தாள் செய்யறவன் நான், அதனால தாள் பக்கத்துல இருந்துதான் பேசுவேன். நீங்க புத்தகத் தேதியை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் பேசறீங்க சதுரன். எழுதினதுக்கு முன்னாடி எதுவுமே இல்லைன்னு ஆயிடுமா?

ஜப்பான்காரன் தாளை எப்படிச் செய்யறான்னு பாருங்க. கோசோன்னு ஒரு செடி, மல்பெரி இனம். கிளையை ஆவியில வேக வெச்சுப் பட்டையை உரிச்சு, மேல் கறுப்பைச் சுரண்டி, உள்பட்டையைக் காரத் தண்ணியில கொதிக்க வெச்சு, கட்டையால அடிச்சு நாராக்குவான். தொட்டியில கலக்கும்போது தொரோரோ-அவோய்ங்கிற செடியோட வேர்ச்சாறு சேரும். அந்தச் செடி வேற யாரும் இல்லை, நம்ம வெண்டைக்கு உறவு. அதே வழவழப்பு. அது சேர்ந்தாத்தான் நார் கொத்துக் கொத்தா அடியில படியாம மிதக்கும், சட்டத்தை முன்னும் பின்னும் ஆட்டி மெல்லிசா ஏடு ஏடா எடுக்க முடியும்.

கோசோ நார் சுமார் 10 மில்லிமீட்டர் நீளம். ஜெராக்ஸ் தாள்ல இருக்கிற மரக்கூழ் நார் பல சமயம் 1 மில்லிமீட்டர்தான். எது மடிப்புத் தாங்கும், சொல்லுங்க. இப்படி ஒரு தாளைக் கையில வெச்சிருந்தவன், ஜெர்மன்காரன் வந்து காட்டற வரைக்கும் மடிக்காமயா இருந்தான்?

சாமுராய் வீடுகள்ல பரிசுப் பொருளைத் தாள்ல எப்படி மடிச்சுக் கொடுக்கணும்னு முறையே இருந்தது. அந்த முறைகளைத் தெரிஞ்ச இஸே சதாதகேங்கிறவர் 1764லயே அதை எழுதி வெச்சுட்டார். கல்யாணத்துல மதுக் குடுவைக்கு ஆண், பெண் பட்டாம்பூச்சி மடிச்சுக் கட்டற வழக்கமும் உண்டு. உங்க சைக்காக்கு சொல்றதும் அந்தப் பூச்சியைத்தான்.

எட்டிப்பார்த்தவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அட்டையில் ‘காகிதம் பிறந்த நாள்’ என்பதும் தப்புதானே? 105இல் ட்ஸாய் லுன் என்ற அதிகாரி சீன அரசவையில் அறிவித்தார் என்பதுதான் பாடப்புத்தகம். சீனாவின் கான்சு மாகாணத்தில் ஃபாங்மாதான் என்ற இடத்துக் கல்லறையில் வரைபடம் தீட்டிய தாள்துண்டு கிடைத்தது. அது கிமு இரண்டாம் நூற்றாண்டு.

சதுரன்:
தப்புதான். ட்ஸாய் லுன் மரப்பட்டை, சணல், கந்தல், பழைய மீன்வலை எல்லாவற்றையும் போட்டுச் செய்முறையைச் சீர்ப்படுத்தியவர். முதன்முதல் செய்தவர் என்று சொல்ல முடியாது.

கூழ்த்தொட்டி அண்ணே, உங்கள் வெண்டைக்காய் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் பரிசுப் பொருளைச் சுற்றியது எல்லாம் ஓரிகாமி என்றால், மளிகைக் கடையில் அரைக்கால் கிலோ கடுகுக்குப் பொட்டலம் மடிக்கும் அண்ணாச்சியும் ஓரிகாமிக் கலைஞர்தான். மடிப்பு எல்லா ஊரிலும் உண்டு. 1639இல் பதுவாவில் அச்சான மாத்தியா கீகரின் புத்தகத்தில் விருந்து மேசைத் துணியை விசிறி விசிறியாக மடித்து மிருகங்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். அதற்காக ஓரிகாமி இத்தாலியக் கலை என்று சொல்வோமா?

கூழ்த்தொட்டி:
பொட்டலத்தை அவ்வளவு லேசா பேசாதீங்க. அணுகுண்டுக் கதிர்வீச்சால நோய் வந்த ஹிரோஷிமாச் சிறுமி சடாகோ 1955ல ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு எதுல கொக்கு மடிச்சா? மருந்து மடிச்சு வந்த தாள்லயும்தான்.

கணக்கு டீச்சர்:
ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி மார்க்.

சதுரன் சார், உங்களுக்கு நானே ஒரு சாட்சி தர்றேன். 1893இல் சென்னையில் சுந்தர ராவ் என்பவர் தாள் மடிப்பு வழியாக வடிவியல் சொல்லித் தரும் புத்தகம் போட்டார். கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் அதைக் குறிப்பிட்டார், 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று முன்னுரையில் அவரே சொல்கிறார்: கிண்டர்கார்ட்டனின் எட்டாம் எண் ‘பரிசு’, அதாவது பிள்ளைகளுக்கான கைவேலைப் பெட்டி. உள்ளே இருநூறு வண்ணச் சதுரங்கள், ஒரு மடிப்புக் கருவி, படங்கள். ஜப்பான் வாசனையே இல்லை. ஃப்ரோபெல் சரக்கு சென்னை வரை வந்திருக்கிறது.

இனி உங்களுக்கு எதிர்ச்சாட்சி. வகுப்பில் நான் செய்வது இது. ஒரு கத்திக்கப்பல் மடிங்க, ஒரு கொக்கு மடிங்க. ரெண்டையும் பிரித்து மேசைமேல் பரப்புங்க, கோடுகளை மட்டும் பென்சிலால் வரைங்க. கப்பலில் எல்லாக் கோடும் 90, 45 பாகைதான், கட்டம் போட்ட நோட்டு மாதிரி. ஸ்பெயின் பிள்ளைகளின் பஹாரிதா பறவையும் இப்படித்தான். கொக்கில் மூலையிலிருந்து 22.5 பாகைக் கோடுகள் கதிர் மாதிரி விரியும். மூலையின் 90ஐப் பாதியாக்கி, அந்தப் பாதியையும் பாதியாக்கிய கோணம். நடையே வேறு. ஃப்ரோபெல் பிறந்ததே 1782இல்; கொக்கும் அந்த 1797 புத்தகமும் அவர் வளர்ந்து பள்ளி திறக்குமுன்பே ஜப்பானின் கியோத்தோ நகரத்து அச்சில் இருந்தவை. ரெண்டு ஆறு, மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) கலந்தது.

சதுரன்:
22.5 நான் யோசிக்காத இடம். ஆனால் அந்த 1797 கொக்குகளில் கத்தரி பட்டிருக்கிறது டீச்சர். ‘ஒரே சதுரம், வெட்டக்கூடாது’ என்று இன்று சத்தியம் செய்கிறார்களே, அந்தப் பத்தினித்தனம் பழைய ஜப்பானில் இல்லை.

கணக்கு டீச்சர்:
உண்மை. அந்தப் புத்தகமே வெட்டுவதில்தான் நிற்கிறது. குவானா ஊர்த் துறவி கிதோ கண்டுபிடித்த 49 வகைத் தொடர்கொக்குகள். ஒரு தாளைச் சிறு சதுரங்களாக வெட்டணும், மூலையில் துளி இடம் மட்டும் விடணும். மடித்து முடித்தால் கொக்குகள் அலகோடு அலகு, இறக்கையோடு இறக்கை ஒட்டி நிற்கும்.

போன மாதம் நாலு கொக்குத் தொடரை ஏ4 தாளில் சதுரம் வெட்டி முயன்றேன். மூன்றாவது கொக்கின் கழுத்தை மேலே இழுத்ததும் மூட்டு ‘சர்’ரென்று கிழிந்தது. மறுபடி செய்தேன், மறுபடி அதே இடம். பிறகு கண்காட்சி ஒன்றில் வாங்கி வைத்திருந்த கோசோ தாளில், மூட்டுக்கு அரிசி அகலம்கூட விடாமல் செய்தேன். கசங்கியது, நார் நாராகப் பிசிறியது, அறவில்லை. கூழ்த்தொட்டி அண்ணன் சொல்லும் 10 மில்லிமீட்டர் என் விரலுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

கூழ்த்தொட்டி:
இதைத்தான் நான் முதல்லேருந்து கத்திக்கிட்டு இருக்கேன்! அந்த 49ம் அந்தத் தாள் இல்லாம பிறந்திருக்காது.

எட்டிப்பார்த்தவன்:
புள்ளிக்கோடு, அம்புக்குறி எல்லாம் போட்டு இன்று உலகமே படிக்கிற வரைபட முறை யோஷிஸாவா அகிராவுடையது, 1954. அவர் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். அதையும் ஜெர்மனிக்குக் கொடுத்துவிடாதீர்கள் சதுரன்.

சதுரன்:
கொடுக்கவில்லை ஐயா. கொக்கை விட்டுத் தருகிறேன், யோஷிஸாவாவையும் விட்டுத் தருகிறேன். கத்திக்கப்பலைத் தர மாட்டேன். அந்த ‘இரண்டாயிரம்’ பற்றிப் பள்ளிக்குக் கடிதம் எழுதத்தான் போகிறேன். என்ன எழுதட்டும், ‘முந்நூறு வருஷத்துக்கு மேல்’ என்றா?

கணக்கு டீச்சர்:
‘1680 முதல் சான்று உண்டு’ என்று எழுதுங்க, யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். கூழ்த்தொட்டி அண்ணே, உங்கள் தொட்டியில் எடுத்த தாள் பத்து கிடைக்குமா? பிள்ளைகளுக்குத் தொடர்கொக்கு வைக்கணும்.

கூழ்த்தொட்டி:
என்கிட்ட கோசோ இல்லம்மா, பருத்திக் கந்தல் கூழ்தான். மூட்டுக்குக் கொஞ்சம் கூடவே இடம் விட்டு வெட்டச் சொல்லுங்க. ஈரம் காயட்டும், அனுப்பறேன்.