மறுமொழி: “பாஸ்வேர்டு ஹேஷ் சிங்க்” தமிழில் – “கடவுச்சொல் அரவை ஒத்திசைவு” எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அலுவலகக் கணக்குகளை மேகத்துடன் (க்ளவுட், அதாவது இணையத்தில் உள்ள வழங்கிகளுடன்) இணைப்பது பற்றி நாம் தமிழில் எழுதும் வழிகாட்டியின் நான்காம் இயலில், “பாஸ்வேர்டு ஹேஷ் சிங்க்” என்ற தொடருக்கு “கடவுச்சொல் ஒத்திசைவு” என்றே போட்டுவிட்டு மேலே போகலாம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணத்தைச் சற்று நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கடவுச்சொல் மேகத்துக்குப் போகிறது, ஒத்திசைவும் நடக்கிறது. அப்புறம் வேறென்ன வேண்டும்?

கடவுச்சொல் போவதே இல்லை. நம் அலுவலக வளாகத்து வழங்கியில் இருக்கும், பயனர் கணக்குகளின் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியே அதை நாம் தட்டியபடி எழுதிவைத்திருப்பதில்லை. 1990இல் ரொனால்ட் ரிவெஸ்ட் வகுத்த எம்டி4 முறையில் அதைத் திரும்பப் பெற முடியாதபடி உருத்தெரியாமல் ஆக்கி (இதைத்தான் ஹேஷ் என்கிறார்கள்), 16 பைட்டாக வைத்திருக்கிறது. எட்டெழுத்துக் கடவுச்சொல்லானாலும் நாற்பது எழுத்தானாலும் அதே 16 பைட்டுதான். வளாகத்துக் கணக்குகளை மேகத்துக்குக் கொண்டுசெல்லும் கருவியான மைக்ரோசாஃப்டின் என்ட்ரா கனெக்ட் அதையும் அப்படியே அனுப்புவதில்லை. 16 பைட்டைப் பதினாறடிமான எழுத்துகளாக 32 ஆக்கி, அதை 64 பைட்டாக விரித்து, ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக 10 பைட்டு உப்பு (சால்ட், குத்துமதிப்பாக எடுத்த எண்) சேர்த்து, பிபிகேடிஎஃப்2 என்ற முறையில் ஷா-256 என்ற ஹேஷ் கணக்கைக் கொண்டு 1000 சுற்று ஓட்டுகிறது. முடிவில் கிடைக்கும் 32 பைட்டும், சேர்த்த உப்பும், சுற்றின் எண்ணிக்கையும் மட்டுமே மேகத்துக்குச் செல்கின்றன. பயனர் மேகத்தில் கடவுச்சொல்லைத் தட்டும்போது, அங்கே அதே வேலையை மறுபடி செய்து இரண்டும் ஒன்றா என்று பார்க்கிறார்கள்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்த வசதியை நிறுவப் போகும் இடங்களிலெல்லாம் ஊழியர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “எங்க பாஸ்வேர்டை வெளிநாட்டுக்கு அனுப்புறீங்களா?” என்பதுதான். நியாயமான கேள்வி. “இல்லை” என்று பத்து நிமிடம் விளக்கிவிட்டு, அவர்கள் கையில் கொடுக்கும் தாளில் “கடவுச்சொல் ஒத்திசைவு” என்று அச்சிட்டிருந்தால் நாம் சொன்ன விளக்கத்தை அந்தச் சொல்லே மறுத்துவிடும்.

ஆக, ஹேஷ் என்பதற்கு ஒரு சொல் வேண்டும். இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். “குறியாக்கம்” சரிவராது. குறியாக்கியதைத் திறவுகோல் இருந்தால் பழையபடி படித்துவிடலாம். இதில் திறவுகோல் என்று ஒன்றே கிடையாது. “சுருக்கம்” என்றால் விரிக்கலாம் என்று தோன்றும். “ரேகை” அழகான சொல், ஆனால் கைரேகை வைத்து உள்நுழையும் வசதியும் இதே இயலில் வருகிறது. ஒரே பக்கத்தில் இரண்டு ரேகை வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம். “ஹேஷ்” என்றே விடலாம் என்போருக்கு: கணினி படித்தவருக்கு அது போதும். இந்த வழிகாட்டி அவர்களுக்கு மட்டும் எழுதப்படவில்லை.

நான் முன்வைக்கும் சொல் அரவை.

மாவு அரவை, கரும்பு அரவை, அரவை மில் என்று ஊரெங்கும் பலகையில் இருக்கும் சொல். மில்லில் அரைத்து வாங்கிய மாவை மீண்டும் அரிசியாக்க முடியாது என்பது யாருக்கும் விளக்க வேண்டாத செய்தி. ஹேஷின் உயிர்நாடியும் அதுதான். ஆங்கிலச் சொல்லே பிரெஞ்சு மொழியில் “கொத்துதல், நறுக்குதல்” என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்ததுதான். அவர்கள் சமையற்கட்டிலிருந்து எடுத்ததை நாமும் சமையற்கட்டிலிருந்தே எடுக்கலாம். உப்பு என்ற துணைச்சொல்லும் அங்கேயே கிடைக்கிறது. “உப்பிட்டு அரைத்தல்” என்று எழுதினால் யாருக்கும் நாக்கு தடுக்காது. “ஆயிரம் முறை அரைத்தது” என்றால் அந்த 1000 சுற்றும் கண்முன் வந்துவிடுகிறது. வினைச்சொல் கையோடு வருவது பெரிய வசதி: அரை, அரைத்த, அரைபட்ட. கலைச்சொல் ஆக்கும்போது பெயரை மட்டும் ஆக்கிவிட்டு வினையைக் கோட்டைவிடுவது நம்மிடம் உள்ள பழைய குறை.

“அரைப்பு” என்று ஏன் வைக்கவில்லை என்று கேட்கலாம். கொங்குப் பக்கம் அரைப்பு என்றால் தலைக்குத் தேய்க்கும் பொடி. தவிர “அரை” என்று தொடங்கினால் பாதி என்ற பொருள் குறுக்கே வருகிறது. “அரைக் கடவுச்சொல்” என்று ஒருவர் படித்துவிட்டால் கதை கெட்டது. அரவையில் இந்தச் சிக்கல் இல்லை. பழைய இலக்கியம் படிப்பவருக்கு அரவு என்ற பாம்பு நினைவுக்கு வரலாம், அது வழிகாட்டியின் இடத்தில் தடையாகாது என்று நினைக்கிறேன்.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வீட்டு அரிசியை அரைத்தால் மாவு ஒன்றுபோலவே இருக்கும். ஹேஷ் அப்படி இல்லை, ஓர் எழுத்து மாறினாலும் முழுக்க வேறாகிவிடும். உவமை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. ஆனால் சொல்லுக்குக் கீழே ஒரு வரி விளக்கம் எப்படியும் வரத்தான் போகிறது. அந்த வரி இதைச் சொல்லட்டும்.

அடுத்தது ஒத்திசைவு. கைபேசியின் தமிழ்ப் பட்டியலில் நிலைத்துவிட்ட சொல், அதை மாற்றச் சொல்லமாட்டேன். ஆனால் அது தனியாக நின்றால் ஆளைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்தது இது. உடன் பணியாற்றிய ஒருவர் கணக்குகளை ஒழுங்குபடுத்தும்போது, ஒரு கிளையின் நாற்பது பேரை வேறொரு பிரிவுக்குள் நகர்த்தினார். அந்தப் பிரிவு ஒத்திசைவின் எல்லைக்கு வெளியே இருந்தது. அடுத்த ஒத்திசைவுச் சுற்றில் அந்த நாற்பது பேரின் கணக்கும் மேகத்திலிருந்து நீங்கிவிட்டன; அஞ்சல் நின்றது. ஒரே சுற்றில் 500க்கு மேல் நீக்கம் வந்தால் கருவி தானாக நிறுத்திக்கொள்ளும். நாற்பது அந்தத் தடைக்கு எட்டவில்லை. நீங்கிய கணக்கு மேகத்தில் 30 நாள் வரை மீட்கும்படி இருக்கும் என்பதால், பழைய பிரிவுக்கே நகர்த்தி மீட்டோம். அதற்குள் அரைநாள் போய்விட்டது, அத்தனை பேரின் ஏச்சும் அவர் ஒருவர் தலையில் விழுந்தது.

அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “இங்கே ஒரு கணக்கையும் நான் அழிக்கலையே. ரெண்டும் ஒத்துப்போறதுக்குத்தானே ஒத்திசைவு?” அவர் கவனக்குறைவானவர் இல்லை. சமமான இருவர் ஒத்துப்போவதாகவே அந்தச் சொல் அவருக்குக் காட்டியது. நடப்பதோ வேறு. வளாகத்தில் இருப்பது உடையவர், மேகத்தில் இருப்பது அதன் நிழல். பதவிப் பெயரைக்கூட மேகத்தில் திருத்தவிடாது, “வளாகத்தில் போய்த் திருத்து” என்று சொல்லும்.

இதற்கு நம்மிடம் பத்திரப்பதிவு அலுவலகத்துச் சொற்கள் இருக்கின்றன: மூலம், நகல். நிலம் வாங்கிய எவருக்கும் மூலப்பத்திரம் என்றால் என்னவென்று தெரியும். நகலில் என்ன திருத்தினாலும் செல்லாது என்பதும் தெரியும். வளாகத்தில் உள்ளது மூலக் கணக்கு, மேகத்தில் உருவாவது நகல் கணக்கு. மேகத்திலேயே நேரடியாகத் தொடங்கிய கணக்கு என்றால் அதுவே மூலம். சொல் அங்கேயும் பொருந்துகிறது. முதலில் வரும் இடத்தில் “ஒருவழி ஒத்திசைவு” என்று எழுதிவிட்டால் பிறகு வெறும் ஒத்திசைவு போதும். பயனர் மேகத்தில் கடவுச்சொல்லை மாற்ற, அது வளாகத்திலும் பதியும் வசதிக்கு “மூலத்தில் எழுதுதல்” என்று எளிதாகச் சொல்லிவிடலாம். “திருப்பி எழுதுதல்” வேண்டாம், இரண்டாம் முறை எழுதுவதாகப் பொருள்படும்.

> டைரக்டரிக்குக் கோப்பகம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே?

கோப்புகளை வைக்கும் இடத்துக்கு இருக்கிறது. இங்கே கோப்பு எதுவும் இல்லை. 1988இல் டைரக்டரிகளுக்கென்று வந்த எக்ஸ்.500 தரத்திலிருந்தே, இந்த வகை டைரக்டரி தொலைபேசிப் புத்தகத்தைப் போன்றது: பெயரைக் கொடுத்தால் விவரத்தைத் தரும். நம் பதிப்புகளின் கடைசியில் வரும் சொல்லடைவு செய்வதும் இதே வேலைதான். அதனால் முதலில் “அடைவு” என்று எழுதி வைத்திருந்தேன். இலங்கையிலிருந்து ஒரு தங்கை, அங்கே அடைவு என்றால் நகை அடகு வைப்பது என்று சுட்டிக்காட்டினார். அவருக்கு நன்றி. இங்கேயும் பள்ளிக்கூடத்தில் கற்றல் அடைவு என்றால் வேறு பொருள். “பெயரடைவு” என்று வைத்தால் இரண்டு இடறலும் தீர்கிறது. பயனர், குழு, கணினி என்று அதில் எது இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் வேறெதற்கும் இல்லாத ஒரு பெயர் உண்டு என்பதால் பொருளும் சரியாகவே விழுகிறது. ஆக்டிவ் டைரக்டரி என்பது விற்பனைப் பெயர், அதை மொழிபெயர்க்க வேண்டாம்.

க்ளவுடுக்கு மேகமா முகிலா என்ற வழக்கை மறுபடி இழுக்கவில்லை. ஒரு பதிப்பில் ஒன்று என்று இருந்தால் போதும்.

நான்காம் இயலின் முதல் பத்தியை இந்தச் சொற்களை வைத்து எழுதிப் பார்த்தேன்:

“உங்கள் வளாகத்துப் பெயரடைவில் உள்ள ஒவ்வொரு மூலக் கணக்குக்கும் மேகத்தில் ஒரு நகல் கணக்கு உருவாகும். மூலத்தில் செய்யும் மாற்றங்கள் 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவழி ஒத்திசைவு மூலம் நகலுக்குச் செல்லும். கடவுச்சொல் அனுப்பப்படாது, உப்பிட்டு அரைத்த அதன் அரவை மட்டும் 2 நிமிடத்துக்கு ஒருமுறை செல்லும். ஒருவர் பணியிலிருந்து விலகும்போது மூலக் கணக்கை முடக்கினால், அடுத்த 30 நிமிடச் சுற்று வரை நகல் கணக்கு திறந்தே இருக்கும். அவசரமென்றால் ஒத்திசைவை நீங்களே உடனே இயக்குங்கள். மூலக் கணக்கை ஒத்திசைவு எல்லைக்கு வெளியே நகர்த்தினால் நகல் கணக்கு நீக்கப்படும். 30 நாளுக்குள் மீட்கலாம்.”

கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியிடம் இதைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் எந்த இடத்திலும் நிறுத்திப் பொருள் கேட்கவில்லை. படித்து முடித்ததும், “அப்போ ஒருத்தர் இன்னைக்கு ரிலீவ் ஆனா நாம உடனே ஒரு சுற்று ஓட்டிடணும், இல்லையா அண்ணா?” என்றார்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் “அரவை” அங்கே எப்படி ஒலிக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். “பாஸ்-த்ரூ” வகைச் சரிபார்ப்புக்கு இன்னும் எனக்குச் சொல் பிடிபடவில்லை. கடவுச்சொல்லை மேகம் தானே சரிபார்க்காமல் வளாகத்தைக் கேட்டுப் பதில் சொல்லும் முறை அது. “வளாகத்தைக் கேட்டுச் சரிபார்த்தல்” என்று இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன். சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

அன்புடன்.