வீட்டில் செய்த காற்றழுத்தமானி வெப்பநிலையையே காட்டுகிறது: வழி சொல்லுங்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் காற்றைப் பற்றிய எளிய சோதனைகளைச் செய்துகாட்டி வருகிறேன். காற்று இடத்தை அடைக்கும், எல்லாத் திசையிலும் அழுத்தும் என்பதைத் தம்ளரும் தண்ணீரும் கொண்டே காட்டிவிட்டோம். காற்றழுத்தமானியில்தான் மேலே நகர முடியவில்லை.

வாயகன்ற கண்ணாடி ஜாடியின் மீது பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் ஸ்ட்ராவின் ஒரு முனையை ஒட்டி, மறுமுனைக்கு அருகே அளவுகோலை நிறுத்தியிருக்கிறோம். வெளியழுத்தம் கூடினால் ரப்பர் உள்வாங்கி, முள் உயர வேண்டும். இங்கே காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை, காலையும் இரவும் 10 மணியளவில் உச்சத்தையும் 4 மணியளவில் தாழ்வையும் தொடும். எங்கள் முள்ளோ பிற்பகல்வரை இறங்கி, பின்பு விடியும்வரை ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே, உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரிவதையும் குளிரில் சுருங்குவதையும்தான் அது காட்டுகிறது. சுமார் 900 மீட்டர் உயரமுள்ள இந்நகரில் அழுத்தம் ஏறக்குறைய 910 ஹெக்டோபாஸ்கல். ஒரு டிகிரி வெப்பமாற்றமே உள்ளழுத்தத்தை 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு மாற்ற முனையும் என்பதால், அன்றாட ஏற்ற இறக்கம் அதில் மறைந்துபோகிறது.

வெயில் படாத அறைக்கு மாற்றினோம்; தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தோம்; புது ரப்பர் கட்டி விளிம்பை மெழுகால் அடைத்தோம். முள்ளின் அசைவு குறைந்ததே தவிர, போக்கு மாறவில்லை. ஜூன் மழைக்கு முன் பிள்ளைகள் தினசரிப் பதிவைத் தொடங்க ஆவலாக இருக்கிறார்கள்.

வெப்பநிலையின் பாதிப்பை நீக்கி, அழுத்த மாற்றத்தை மட்டும் காட்டும் கருவியை வீட்டுப் பொருள்களைக் கொண்டு எப்படிச் செய்யலாம்?