கண்ணின் செல்கள், கண்ணை அசைக்கும் தசைகள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

விலங்கியல் ஆசிரியை

பாடப்புத்தகத்தில் விழித்திரை ஓர் அதிகாரத்தில் வருகிறது, எலும்புத்தசை வேறோர் அதிகாரத்தில் வருகிறது. மாணவர்களும் தனித்தனியாகவே படித்துத் தேர்வு எழுதிவிடுகிறார்கள். இந்தப் பிரிவினை எனக்கு எப்போதும் மனக்குறைதான். ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் பிடித்திருக்கின்றன. மேல் இமையைத் தூக்க இன்னொன்று இருக்கிறது. கை கால் தசைகளைப் போலவே ஆக்டின், மையோசின் என்ற புரத இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிச் சுருங்கும் வரித்தசைகள்தான் இவையும்.

வகுப்பில் வெள்ளை அட்டையின் நடுவே ஒரு கரும்புள்ளி வைத்து, சற்றுத் தள்ளி வெளிறிய மஞ்சளில் விளிம்பு கலங்கிய வட்டம் ஒன்றை வரைவேன். புள்ளியை மட்டும் அசையாமல் பார்க்கச் சொல்வேன். சில நொடிகளில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், வட்டம் எங்கே போனது?" என்று கேட்டாள். வட்டம் அட்டையில்தான் இருந்தது. டிராக்ஸ்லர் என்ற மருத்துவர் 1804இலேயே இதைக் குறித்துவைத்திருக்கிறார். மாறாத ஒளியைப் பார்வை மண்டலம் விரைவில் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. நாம் உற்றுப் பார்ப்பதாக நினைக்கும்போதும் விழித்தசைகள் கண்ணை மிக நுண்ணியதாக அசைத்தபடியே இருப்பதால்தான் உலகம் மறையாமல் நிற்கிறது. 1950களில் விழியோடு சேர்ந்தே நகரும்படி ஒரு பிம்பத்தை விழித்திரையில் நிறுத்திப் பார்த்தார்கள். அந்தப் பிம்பம் சில நொடிகளில் மங்கி மறைந்துபோனது.

இதுபோல் நேரில் கண்டவர்கள் எழுதுங்கள். என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இரவுவானம்

ஜவ்வாது மலையில், காவலூர் பக்கம், நண்பர்களோடு வானம் பார்க்கப் போவது எங்கள் வழக்கம். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் ஊர் அது. ஆனால் நான் சொல்ல வருவது வெறுங்கண்ணைப் பற்றி. ஜனவரி மாத முன்னிரவு ஒன்றில், முதல்முறை வந்திருந்த தம்பி ஒருவனுக்கு ஆண்ட்ரோமிடா விண்மீன் மண்டலத்தைக் காட்ட முயன்றோம். "ஒன்றும் தெரியவில்லை அண்ணா" என்றான். காரில் வரும் வழியெல்லாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வந்தவன் அவன். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்காரச் சொன்னோம்.

ஒரு கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் குச்சி செல்கள் ஏறத்தாழ 12 கோடி, கூம்பு செல்கள் 60 லட்சம் அளவில் இருக்கின்றன. மங்கிய ஒளிக்குக் குச்சி செல்கள்தான் வேண்டும். அவற்றிலுள்ள ரொடாப்சின் என்ற ஒளியுணர் நிறமி வெளிச்சத்தில் சிதைந்துவிடுகிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினால் மறுபடியும் புரதத்தோடு சேர்ந்து அது உருவாக நேரம் பிடிக்கிறது. சிவப்பு ஒளி குச்சி செல்களை அவ்வளவாகத் தூண்டாது. நாங்கள் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சை மட்டும் வைத்திருப்பது அதனால்தான்.

அரை மணி கழித்தும் அவன் நேராகவே பார்த்தான். "கொஞ்சம் ஓரமாகப் பார்" என்றேன். விழித்திரையின் நடுக்குழியில் குச்சி செல்களே கிடையாது. நேராகப் பார்த்தால் மங்கிய பொருளின் ஒளி கூம்பு செல்கள் மட்டுமே உள்ள இடத்தில் விழுந்து வீணாகிறது. விழித்தசை கண்ணைச் சற்றே திருப்பிவிட்டால் அதே ஒளி குச்சி செல்கள் அடர்ந்த இடத்தில் விழுகிறது. "புகை மாதிரி இருக்கிறது!" என்று கத்தினான். 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு புறப்பட்ட ஒளி அது. அந்தக் கத்தலைக் கேட்கத்தான் நான் ஒவ்வொரு புதியவரையும் அழைத்துப் போகிறேன்.

இயன்முறை மருத்துவ மாணவன்

அண்ணா, ஒரு சிறு சேர்ப்பு. குச்சி செல் இருட்டில்தான் இடைவிடாமல் குளூட்டமேட் என்ற, செய்தி கடத்தும் வேதிப்பொருளை வெளியிடுகிறது, ஒளி பட்டதும் அதைக் குறைத்துக்கொள்கிறது. தசையில் இதற்கு நேர்மாறு. நரம்பிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வந்தால்தான் தசை இழை சுருங்கும், வராதவரை சும்மா கிடக்கும். முதலாண்டில் இதைப் படித்தபோது உண்மையிலேயே வியந்துபோனேன்.

செவிலியர்

தம்பி சொன்ன அந்த அசிட்டைல்கோலின் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கிராமப்புறத்திலிருந்து விடியற்காலையில் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர். வயிற்று வலி என்றார், இமைகள் பாதி இறங்கியிருந்தன. கடித்த தடம் தேடியும் கிடைக்கவில்லை. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இப்படித்தான். வலி குறைவு, வீக்கம் இல்லை, முதலில் காட்டிக்கொடுப்பது இமைதான்.

பாம்புக்கடி முறிவு மருந்து உடனே ஏற்றினோம். ஆனாலும் சிறிது நேரத்தில் இமைகள் முழுதாக மூடின, விழுங்க முடியவில்லை, பிறகு மூச்சும் தளர்ந்து வென்டிலேட்டரில் வைத்தோம். மூச்சை இழுக்கும் உதரவிதானமும் எலும்புத்தசைதானே. இதயத்தின் தசை வேறு வகை என்பதால் அது ஓடிக்கொண்டே இருந்தது.

அவருடைய அண்ணன், "உயிர் இருக்கிறதா சிஸ்டர்? கூப்பிட்டால் கண் திறக்கவில்லையே" என்று அழுதார். நான் இமையை விரலால் தூக்கிப் பிடித்து, "உங்கள் அண்ணன் நிற்கிறார் பாருங்கள்" என்று அண்ணனை அவர் முகத்துக்கு நேரே நிறுத்தினேன். விழி திரும்பவில்லை. ஆனால் கண்ணீர் வழிந்தது. குச்சி செல்லும் கூம்பு செல்லும் நன்றாகவே இருந்தன, மூளையும் விழித்திருந்தது. தசைக்குப் போகும் ஆணை மட்டும் அறுந்திருந்தது. அன்றிலிருந்து இப்படிப்பட்டவர்களின் படுக்கையருகே யாரும் நம்பிக்கையிழந்து பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனையையே அழித்துவிடுகிறது. முனை மறுபடி வளர்ந்தாக வேண்டும், அதனால் தேறுவதற்கு நாளாகும். தேறிய பிறகு அவர் சொன்னது: "நீங்கள் பேசியது எல்லாம் கேட்டது அம்மா. அண்ணனையும் பார்த்தேன்."

முறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும் பங்கு, 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது என்பதையும் உங்கள் மாணவர்களிடம் சொல்லுங்கள் டீச்சர்.

கோவை வாசகி

சிஸ்டர், உங்கள் பதிவைப் படித்துக் கலங்கிவிட்டேன். என் நோயும் நரம்பும் தசையும் சேரும் அதே சந்திப்பில்தான் இருக்கிறது. மயஸ்தீனியா கிராவிஸ். அசிட்டைல்கோலின் வருகிறது, அதை வாங்கும் ஏற்பிகளை கிருமிகளைத் தாக்க வேண்டிய என் உடலின் எதிர்ப்புரதங்களே தாக்குகின்றன. காலையில் நன்றாக இருப்பேன். மாலையில் எதிரே வரும் பஸ் இரண்டாகத் தெரியும், இடது இமை இறங்கும். தூக்கக் கலக்கம் என்று வீட்டில் சொன்னார்கள், கண்ணாடியை மாற்றிப் பார்த்தோம்.

பிறகு ஒரு நரம்பியல் மருத்துவர், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொன்னார். ஒரே பஸ். அடுத்த கண்ணைப் பொத்தினாலும் ஒரே பஸ். "இரண்டு விழித்திரையும் சரியாக இருக்கின்றன, அவற்றை ஒரே இடத்துக்குத் திருப்பும் தசைகள்தான் சோர்கின்றன" என்றார். இமையின் மேல் ஐஸ் பையை இரண்டு நிமிடம் வைத்தார், தொங்கிய இமை மேலே எழுந்தது! குளிரில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி மெதுவாகுமாம். இந்த நோய்க்கு அந்த நொதியைத் தடுக்கும் மருந்து உதவும் என்று 1934இல் மேரி வாக்கர் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். நான் இன்று விழுங்கும் பைரிடோஸ்டிக்மின் அந்த வழியில் வந்ததுதான்.

செவிலியர்

சகோதரி, நோயின் பெயரை ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். ஜென்டமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மருந்துகள் இந்தத் தளர்ச்சியைக் கூட்டிவிடும். காய்ச்சலுக்கு எங்கே ஊசி போடப் போனாலும் முதலில் அந்த அட்டையை நீட்டுங்கள்.