புதுப்பிப்பு: கலங்கிற படமும் கழுத்து நோவும்

போன மாதம் கேட்டிருந்தன்: திருகோணமலைக் கோணேசர் கோயிலடிக் காத்தில, தூரத்தில இருக்கிறதைக் கிட்டக் காட்டிற 200 மி.மீ. லென்ஸால எடுக்கிற படமெல்லாம் கலங்குது, கழுத்தும் நோகுது எண்டு. நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தன்.

இடது உள்ளங்கையில லென்ஸை அடியால ஏந்தி, ரெண்டு முழங்கையையும் விலாவோட ஒட்டினதுதான் பெரிய மாற்றம். முந்தி லென்ஸைப் பக்கவாட்டில பிடிச்சிருக்கிறன். பாரமெல்லாம் வலது மணிக்கட்டில. ஷட்டர் வேகத்தையும் 1/250 செக்கனைவிட மெதுவாக விடேல்ல. மூச்சை மெல்ல விட்டு, அது முடியிற இடத்தில பட்டனை அமத்தினன். நேற்று, கோயில் இருக்கிற கோட்டைக்குள்ள நிண்ட மானின்ட இமைமயிரைக்கூட எண்ணலாம், அவ்வளவு தெளிவு!

கழுத்து நோவுக்கு, கமெரா வாரைத் தோளுக்குக் குறுக்கால போட்டிட்டன். கமெரா இடுப்படியில தொங்குது. படியேறேக்க மட்டும் ஒரு கையால பிடிக்கவேணும், இல்லாட்டி கைப்பிடிச் சுவரில இடிக்கும். கழுத்து நோ இப்ப இல்லை.